கறுப்பு நகரத்துக் காது

மெலெக்காவைச் 'செவிட்டு மெலெக்கா' என்று ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் கூப்பிட ஆரம்பித்தது, ஜெர்மானியரோடு நடந்த போர் முடிந்த பிறகுதான். போர் நடந்த ஆண்டுகளில் அவளுக்கு வேறு பெயர். கடலோரப் பக்கூவில் கறுப்பு நகரம் என்று சொல்லப்பட்ட ஆலைப் பகுதியில், எண்ணெய் ஆலையின் வாசற்காவலரிலிருந்து தொட்டிகளின் உச்சிக்கு ஏறிப் பாட்டிலில் மாதிரி எடுத்துவரும் பெண்கள் வரை எல்லோரும் அவளைக் 'காது' என்றுதான் சொன்னார்கள். "காது வந்துட்டாளா?" "காது என்ன சொன்னா?" "காது சரின்னுட்டா ஏத்திடலாம்."

அவளுடைய அப்பா சபுன்ச்சுக் கிணறுகளில் வாளி இறக்கி எண்ணெய் இறைத்தவர். கைநாட்டு. வீட்டில் முதலில் எழுத்துக் கற்றவள் மெலெக்காதான். அவள் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தபோது, "என் பொண்ணு எண்ணெயைப் படிக்கிறா" என்று அவர் டீக்கடையில் சொன்னார். "எண்ணெயில படிக்கிறதுக்கு என்ன இருக்கு? மோந்து பாத்தாலே தெரியுமே" என்று சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவளிடம் தணிந்த குரலில் கேட்டார்: "நெஜமாவே என்னம்மா இருக்கு?" அவள் பட்டம் வாங்கிய வருடமே அவர் போய்ச் சேர்ந்தார். அந்தக் கேள்விக்கு அவள் சரியான பதில் சொல்லியிருக்கவில்லை.

பதில் இருந்த இடம் ஆலைக்குள் ஒரு சின்ன அறை. அறை நடுவில் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் ஒன்று சிமென்டு மேடையில் திருகாணி வைத்துப் பொருத்தப்பட்டிருந்தது. அது எதையும் இழுக்காது, எங்கும் போகாது. பெட்ரோலைக் குடித்துச் சத்தம் போடுவது ஒன்றே அதன் வேலை. போர் விமானம் முழு வேகத்தில் மேலே ஏறும்போது மட்டமான பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்னாலேயே வெடித்துவிடும். உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் அடிப்பதுபோலக் கேட்கும். இன்ஜின் தட்டுகிறது என்பார்கள். தட்டினால் பிஸ்டன் உருகும். பிறகு விமானத்துக்குக் கீழே கடல் இருக்கிறதா வயல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தட்டல் விமானத்தில் வருவதற்கு முன்னால் இந்த அறையில் வரவேண்டும். ஒரு கிண்ணத்தில் தொட்டியிலிருந்து வந்த மாதிரி, இன்னொரு கிண்ணத்தில் ஒப்பிட்டுப் பார்க்கத் தரம் தெரிந்த பெட்ரோல். இன்ஜின் மேலிருக்கும் சக்கரத்தைத் திருகித் திருகி உள்ளே அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். எது முதலில் தட்டுகிறது என்று கேட்க வேண்டும். மாதிரி முந்திக்கொண்டால் அந்தத் தொட்டி தேறாது.

கேட்பதற்கு, தட்டினால் ஊசி அசைந்து காட்டும் கருவி ஒன்று இருந்தது. அது உடைந்து, மாற்றுக் கருவி எங்கோ கப்பலில் வருகிறது என்று சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. அதுவரை மெலெக்காவின் காது.

முன்பு சுரகானிக் கிணறுகளின் எண்ணெய் ஒன்றே போதும். வெளிறிய, இலேசான எண்ணெய்; அதிலிருந்து இறங்கும் பெட்ரோல் சொன்ன பேச்சைக் கேட்கும். போன இலையுதிர்காலத்தில் ஜெர்மானியர்கள் மலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றபோது கிணறுகள் பலவற்றை அடைத்துவிட்டார்கள். துளை போடும் ஆட்களைக் குடும்பத்தோடு கடல் தாண்டிக் கிழக்கே அனுப்பிவிட்டார்கள். இப்போது கிடைத்த கிணற்று எண்ணெயை எல்லாம் கலந்து, புது உலையிலிருந்து வரும் சரக்கைச் சேர்த்து, அதிலும் விழும் குறையை ஈயத் திரவத்தால் சரிக்கட்டினார்கள். ஒரு தொட்டி மாதிரி இன்னொரு தொட்டி இருப்பதில்லை.

அந்த ஈயத் திரவத்தைக் கலக்கும் கொட்டகை ஆலையின் கடைசியில், காற்று போகும் திசையில் இருந்தது. ரப்பர் கையுறை, முகமூடி எல்லாம் கொடுத்தார்கள். ஆனாலும் அங்கே போனவர்களுக்கு முதலில் தூக்கம் போகும். பிறகு சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும்போது கையில் எறும்பு ஊர்வதாகத் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். கையில் ஒன்றும் இருக்காது. மினெவ்வெர் என்ற பெண் அப்படித் தட்டிக்கொண்டே சூப் குடிப்பதை மெலெக்கா தினமும் பார்த்தாள்; பார்க்காதவள் போல வேறு மேசைக்குப் போனாள்.

அவளுடைய வலது காது மந்தமானது, கிணறுகளை அடைத்த அதே இலையுதிர்காலத்தில்தான். முதலில் குளிர் என்று நினைத்தாள். வெதுவெதுப்பான எண்ணெய் விட்டாள், கம்பளி சுற்றினாள். பனி விழுந்தபோது இடது காதும் பின்னாலேயே போக ஆரம்பித்தது. பேச்சு கேட்டது, டிராம் மணி கேட்டது. அந்தச் சின்னச் சுத்தியல் மட்டும் கேட்கவில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஈயக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள்; காது தேவைப்படாத வேலை ஆலையில் அது ஒன்றுதான், அங்கேதான் எப்போதும் ஆள் பற்றாது. அதோடு இன்னொன்றும் இருந்தது. 'காது' என்ற பெயர் போனபின் தான் யார் என்பது அவளுக்குத் தெரியவில்லை. கணவன் எஜ்தெர் கெர்ச் சண்டையில் 'காணவில்லை' என்று போன வசந்தத்திலேயே சொல்லிவிட்டார்கள். மனைவியா விதவையா என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. காது என்றால் மட்டும் திரும்பிப் பார்க்க முடிந்தது.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். இன்ஜினின் சக்கரத்தைத் திருகுபவள் துகேஸ்பான். ஒருகாலத்தில் சலவைக்காரி, பெரிய உடம்பு, பெரிய வாய். இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும்போது அவளுடைய இடது புருவம், அவளுக்கே தெரியாமல், வெடுக்கென்று மேலே போகும். மெலெக்கா கண்ணை மூடியதுபோல வைத்துக்கொண்டு, இமை இடுக்கு வழியாக அந்தப் புருவத்தைப் பார்ப்பாள். புருவம் ஏறியதும் கையை உயர்த்துவாள். குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று. தொட்டிகள் தேறின, தேறாதவை திரும்பிப் போயின. வண்டிகள் வடக்கே புறப்பட்டன. ஆய்வுக்கூடத் தலைவர், ஆசான் என்ற பொருளில் எல்லோரும் உஸ்தா என்று கூப்பிடும் கெரிம், ஒருநாள், "உன் காதுக்கு ஒரு பதக்கம் குத்தணும்மா, ஆனா குத்தினா ஓட்டையாயிடுமே" என்றார். அவள் சிரித்தாள். அன்று வீட்டுக்குப் போய் ரொட்டியைத் தொடவில்லை.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. பொழுது சாய்ந்தால் கடைசிப் புதன். நவ்ரூஸ் என்னும் வசந்தப் புத்தாண்டுக்கு முந்தின புதன்; அன்று வாயில் வரும் வார்த்தை பலித்துவிடும் என்பார்கள்.

துகேஸ்பான் காலையில் அறைக்குள் வரும்போதே முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்ன பாஜி, புருஷன் வந்துட்டாரா?" என்றாள் மெலெக்கா. மூத்தவளை அக்கா என்ற பொருளில் அவள் பாஜி என்றுதான் கூப்பிடுவாள்.

"எம் புருஷன் செத்து பத்து வருஷம் ஆச்சு... ஐயோ, பாத்தியா! வாயைப் புடுங்கிட்டியே! அடி பொண்ணே, இன்னைக்கு என்கிட்ட ஏதும் கேக்காதே. வாயில பூ வச்சுக்கிட்டு வந்திருக்கேன். கெட்ட வார்த்தை ஒண்ணு வெளிய வரக்கூடாது. முகம்கூடச் சுளிக்க மாட்டேன். என் தெர்லான் மேல இருக்கான்ல?"

தெர்லான் அவள் மகன். குபான் பக்கம் போர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"பொழுது சாஞ்ச பிறகுதானே புதன்?"

"நான் காலையிலேயே ஆரம்பிச்சிட்டேன். என் வாயைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஓடுற குதிரையை நிறுத்தணும்னா தூரத்துலயே லகானை இழுக்கணும்."

"அப்ப உஸ்தா கெரிமை என்னன்னு திட்டுவே?"

"அவரா? அவரு... சொக்கத் தங்கம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் துகேஸ்பான். இருவரும் சிரித்தார்கள். அந்த மாதம் முழுவதிலும் மெலெக்கா மனம்விட்டுச் சிரித்தது அது ஒன்றுதான்.

மதியத்துக்குப் பிறகு ஒரு புதுத் தொட்டியின் மாதிரி வந்தது. ரயில் வண்டிகள் ஏற்றுமிடத்தில் காத்திருந்தன. இன்ஜினைக் கிளப்பினார்கள். துகேஸ்பான் சக்கரத்தைத் திருகினாள். மெலெக்கா இமை இடுக்கு வழியாகப் பார்த்தாள். புருவம் அசையவில்லை. துகேஸ்பான் சுவரைப் பார்த்து, கல்யாண வீட்டில் நிற்பவள் மாதிரி புன்னகைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் திருகினாள். புன்னகை அப்படியே இருந்தது. மெலெக்கா இன்ஜின் உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எப்போதும்போல எல்லாமே அதிர்ந்தது. இரண்டாவது முறை ஓட்டச் சொன்னாள். புன்னகைதான்.

வாசலில் உஸ்தா கெரிம் வந்து நின்றார். இரண்டு நாளாக அவர் நாற்காலியிலேயே தூங்குகிறார். கண் இரண்டும் செம்மண்.

"என்னம்மா? ஏத்துற எடத்துலேர்ந்து போன்ல கத்துறாங்க."

மெலெக்கா, ஏதோ ஒப்புக்குக் கேட்பதுபோல, துகேஸ்பானிடம் கேட்டாள்: "உனக்கு எப்படிக் கேக்குது பாஜி?"

"தேன் மாதிரி" என்றாள் துகேஸ்பான். "தேன் வடியுற மாதிரி ஓடுது."

"சரி" என்றாள் மெலெக்கா, உஸ்தாவைப் பார்க்காமல். "தேறிடுச்சு."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் வேலை முடிந்து மெலெக்கா வெளியே வந்தபோது கஸ்ரி என்னும் வடகாற்று கடலிலிருந்து மணலையும் கரியையும் சேர்த்து வாரிக்கொண்டு வந்தது. இருட்டடிப்புக் காலம், அந்த மாலை எல்லோரும் தாண்டிக் குதிக்கும் நெருப்பைத் தெருவில் எங்கும் மூட்டக்கூடாது. "நெருப்பு ஊருல பொறந்து, கடைசிப் புதனுக்கு ஒரு தீக்குச்சி கொளுத்தப் பயம்" என்று டிராம் நிறுத்தத்தில் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் விலாவில் இடித்து, "நல்லதா பேசு" என்றாள்.

முற்றத்துக்குள் நுழையும்போது எல்லா ஜன்னல்களிலும் கறுப்புத் துணி. துணிக்குப் பின்னால் பிள்ளைகள் மெழுகுவத்தியைத் தரையில் வைத்துத் தாண்டிக் குதிக்கும் அதிர்வு அவள் பாதத்தில் தெரிந்தது. மெலெக்கா தன் வீட்டுப் பூட்டைத் திறக்கவில்லை. சாவியைக் கையில் எடுத்தபோதே அந்த எண்ணம் வந்துவிட்டது. சின்ன வயதில் எல்லாப் பெண்களும் செய்ததுதான்: மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு, சாவியை வலது காலடியில் வைத்து, யாருக்கும் தெரியாமல் அடுத்த வீட்டுக் கதவில் காது வைக்க வேண்டும். முதலில் காதில் விழும் பேச்சுதான் நினைத்ததற்குப் பதில்.

எதை நினைப்பது? எஜ்தெர் பெயரைத்தான் நினைத்திருக்க வேண்டும். முற்றத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவள் நினைத்தது, 'எனக்குக் காது திரும்ப வருமா?' என்றுதான். நினைத்த உடனே வெட்கமாக இருந்தது. மாற்றி நினைக்க முயன்றாள், முடியவில்லை. அவ்வளவு களைப்பு. எஜ்தெரைப் பற்றி ஆசைப்படுவதற்கே தெம்பு வேண்டும்போல இருந்தது.

அடுத்த வீடு ஹெய்ரன்சாவுடையது. அவளுடைய ஒரே மகன் பலாகா இறந்த செய்தி தை பிறந்த குளிரில் வந்தது. முற்றமே கூடி அழுதது. நாற்பதாம் நாள் துக்கத்துக்குக் கிண்டும் அல்வாவுக்கு மெலெக்காதான் மாவு வறுத்தாள். அந்த வீட்டில் இன்று பேச்சு இருக்காது என்று நினைத்து நகரப் பார்த்தாள். அதற்குள், கதவுக்கு மிக அருகிலிருந்து, வெளியே நிற்பவருக்குக் கேட்கட்டும் என்றே உரக்க, ஹெய்ரன்சாவின் குரல் வந்தது:

"ஏய் மருமகளே! அந்த பூட்ஸை எண்ணெய் போட்டுத் தொடைச்சு வை! பலாகா வந்துருவான்! முசுக்கட்டை பழுக்குறதுக்குள்ள வந்துருவான்! நல்லாயிருக்கான், சிரிச்சுக்கிட்டு இருக்கான்! எல்லாருக்கும் எல்லாமும் திரும்பி வரும்!"

ஒவ்வொரு சொல்லும் மெலெக்காவுக்குக் கேட்டது. சாவி பாதத்தில் குத்தியது. இன்று மாலை யார் வீட்டுக் கதவிலும் யாராவது நிற்பார்கள். யாருடைய ஆசையாக இருந்தாலும் அது கெட்டுப்போகக் கூடாது. அதற்காக, மகனை மண்ணுக்குக் கொடுத்தவள் கதவருகே நின்று பொய்யைக் கத்துகிறாள். அது பொய்கூட இல்லை. நிற்பவருக்குத் தரும் இனிப்பு.

தேன் மாதிரி.

மெலெக்கா குனிந்து சாவியை எடுத்தாள். துகேஸ்பான் தன்னிடம் தொட்டியைப் பற்றிப் பேசவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அவள் வானத்திலிருக்கும் மகனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான். தன் வார்த்தையில் ஒரு தொட்டி வடக்கே புறப்படும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் பக்கத்தில்தான் ஆலையின் காது நின்றுகொண்டிருந்ததே.

திரும்பி நடந்தாள். காற்று இப்போது முதுகில். போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சாக்குகள் சொல்லிப் பார்த்தாள். பெட்ரோல் நல்லதாகவே இருக்கலாம். புன்னகை உண்மையாகவே இருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம். தான் பயப்படுவது எறும்பு ஊரும் கைக்கா, போகப்போகும் பெயருக்கா என்று கேட்டுக்கொண்டாள். எதற்காக இருந்தாலும், தெர்லானுக்கு அதில் என்ன பங்கு?

வாசற்காவலர் அகாபாபா ஆட்டுத்தோல் கோட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "என்ன காதே, திரும்பி வர்றே? எதை விட்டுட்டுப் போனே? காதையா?"

"ஆமா மாமா" என்றாள் அவள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

உஸ்தா கெரிம் இன்ஜின் அறையில் அடுப்பருகே சர்க்கரையில்லாத டீ குடித்துக்கொண்டிருந்தார். துகேஸ்பான் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தொட்டியை நிறுத்துங்க உஸ்தா" என்றாள் மெலெக்கா, வாசலிலேயே நின்று. "நான் கேக்கல. எனக்குக் கேக்கறதே இல்ல."

"என்ன உளர்றே?"

"காது போயிடுச்சு. இலையுதிர்காலத்துலயே போயிடுச்சு."

அவர் டீக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. எழுந்து, கோப்பையோடு போய், மறு கையால் போனைச் சுழற்றி, "பம்பை நிறுத்து. ஏன்னு கேக்காதே, நிறுத்து" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டுவதற்கும் அவருக்குத் தெம்பில்லை.

"அப்ப இத்தனை மாசமா எதை வச்சும்மா சொன்னே?"

"துகேஸ்பான் பாஜியோட புருவத்தை வச்சு."

"எதை?"

"தட்டும்போது அவங்க இடது புருவம் மேல போகும்."

துகேஸ்பான் ஈரக் கையோடு தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஆண்டவனே! இத்தனை நாளா நம்ம வான்படையே என் புருவத்துலயா பறந்துச்சு? சொல்லியிருந்தா மை போட்டுக்கிட்டு வந்திருப்பேனே!"

உஸ்தா கெரிமுக்குச் சிரிப்பா இருமலா என்று தெரியாத ஏதோ ஒன்று வந்தது. துகேஸ்பானின் முகத்திலிருந்த புன்னகை மெல்ல மெல்ல இறங்கியது. மதியம் தான் சொன்ன வார்த்தை எங்கே போய் நின்றது என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"இன்ஜினைக் கிளப்பு" என்றார் உஸ்தா.

அவளே கிளப்பினாள், அவளே சக்கரத்தைத் திருகினாள். மெலெக்கா கண்களை மறைக்காமல், நேராக அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சக்கரம் பாதிகூடப் போகவில்லை. இடது புருவம் வெடுக்கென்று ஏறியது.

"தட்டுதா?" என்று உஸ்தா கத்தினார்.

துகேஸ்பான் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே இருட்டியிருந்தது, கடைசிப் புதன் வந்துவிட்டிருந்தது. அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டு பெட்ரோல் குழாயை மூடினாள். இன்ஜின் இரண்டு முறை விக்கி நின்றது.

"சொல்லு பொம்பளே! தட்டுதா இல்லையா?"

"அடுத்த தொட்டி நல்லா இருக்கும்" என்றாள் துகேஸ்பான். சொல்லிவிட்டு இடுப்பில் கட்டியிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

உஸ்தா கெரிம் கோப்பையைக் கீழே வைத்தார். "இதையே நல்லா ஆக்கணும். வண்டி நிக்குது" என்றார். "இன்னும் ஈயம் விட்டாத்தான் ஆகும். இப்பவே விடணும். கொட்டகைல மினெவ்வெர் ஒருத்திதான் இருக்கா, இன்னொரு ஆளு..."

"நான் போறேன்" என்றாள் மெலெக்கா.

"கையுறை ஓட்டையான்னு பாத்துப் போட்டுக்கோ. சாப்பிடறதுக்கு முன்னாடி கையைக் கழுவு. ரெண்டு தடவை கழுவு." அவர் தரையைப் பார்த்தே பேசினார். "கல்லூரிப் படிப்பெல்லாம் படிச்ச பொண்ணு."

"என் அப்பா இறைச்ச எண்ணெய்தானே உஸ்தா" என்றாள் அவள். அது ஏன் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

துகேஸ்பான் பின்னாலேயே வாசல் வரை வந்து, தலையிலிருந்த கம்பளிச் சால்வையைக் கழற்றி அவள் காதுகளை மூடிக் கட்டிவிட்டாள். நாளையிலிருந்து ஆலைக்கு அவள்தான் காது.

கொட்டகையின் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே மினெவ்வெர் முகமூடியோடு பீப்பாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மெலெக்காவைக் கண்டதும் அவள் ஆச்சரியப்படவில்லை. கொஞ்சம் நகர்ந்து பலகையில் இடம் விட்டாள். ஆணியில் தொங்கிய இன்னொரு ஜோடிக் கையுறையை எடுத்துக் கொடுத்தாள். மெலெக்கா கையுறையை மாட்டும்போதுதான், சாவி இன்னும் உள்ளங்கையில் இருப்பதைக் கவனித்தாள். அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டாள்.

மினெவ்வெர் முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். நீளமாகவே சொன்னாள். காற்றும் சால்வையும் முகமூடியும் சேர்ந்து ஒரு சொல்லைக்கூட இந்தப் பக்கம் விடவில்லை. மெலெக்கா திரும்பக் கேட்கவில்லை. தலையை ஆட்டினாள்.

இன்று மாலை யாரும் கெட்டது சொல்ல மாட்டார்கள்.